சேற்றுழவு முடிந்தபின் டிராக்டரின் சக்கரக் குடமும் சுழல் தண்டும்

மேட்டூர் அணை திறந்து வாய்க்கால்களில் நீர் வந்துவிட்டால் ஸ்ரீரங்கம் தீவிலும் லால்குடி, அந்தநல்லூர் வட்டாரங்களிலும் டிராக்டருக்கு ஓய்வில்லை. நாற்று முற்றிவிடும் என்ற அவசரத்தில் இரவிலும் சேற்றுழவு நடைபெறும். நடவு முடிந்ததும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்திவிடுகிறோம். என்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றும் விவசாயிகள்கூட, சேற்றில் மூழ்கி எழுந்த முன்சக்கரத்தின் குடத்தைத் திறந்து பார்ப்பதில்லை. பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்த வண்டிகளில் இது பெருஞ்செலவில் கொண்டுபோய் விடுகிறது.

மாட்டு வண்டி வைத்திருந்தவர்களுக்குக் குடம் புதிதல்ல. வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்து வண்டி மை இட்டு, கடையாணி போட்டு ஓட்டினோம். டிராக்டர் பட்டறையில் ‘ஹப்’ என்பதும் அதுவே. குடத்தின் உட்புறம் பெரிய பேரிங் ஒன்றும், வெளிப்புறம் சிறிய பேரிங் ஒன்றும் இருக்கும். உட்புற வாயை ஆயில் சீல் அடைத்திருக்கும். வெளிப்புறம் நட்டு, அதற்குக் காட்டர் பின், மேலே மூடி.

சேறு எவ்வாறு உள்ளே போகிறது? சாலையில் ஓடிச் சூடேறிய குடம் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அப்போது தேய்ந்த சீலின் வழியே வெளிநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. காவிரி வண்டல் கண்மை போல் நுண்ணியது. கிரீஸுடன் கலந்தால் அது பேரிங்கை மெருகுத் தூள் போல் அரித்துவிடும். ஆகவே, வெளியே கிரீஸ் வழியாவிட்டாலும் உள்ளே எல்லாம் சரியென்று எண்ண வேண்டாம்.

சோதிக்கும் முறை

வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவும். ஜாக்கியை முன்னச்சுக்கு அடியில், சக்கரத்தை ஒட்டி வைக்க வேண்டும். என்ஜினின் ஆயில் தொட்டிக்கு அடியில் வைக்கலாகாது. சக்கரம் எழும்பியதும் அச்சுக்கு அடியில் கனமான மரக்கட்டை கொடுத்த பிறகே கை வைக்கவும். செங்கல் அடுக்குவது கூடாது. அது பாரம் தாங்காமல் சொல்லாமல் நொறுங்கும்.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவும். குடம் மட்டும் ஆடினால் பேரிங் தளர்ந்துள்ளது. குடத்தோடு அச்சு முனையும் சேர்ந்து ஆடினால் செங்குத்துத் தண்டின் புஷ் தேய்ந்துள்ளது. அது வேறு வேலை. பின்னர் சக்கரத்தைச் சுழற்றிக் கேட்கவும். மணல் அரைபடுவது போன்ற சத்தம் வந்தால் தாமதம் வேண்டாம்.

மூடியைத் திறந்ததும் கிரீஸ் மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்பது நிச்சயம். மேலே கொஞ்சம் புதுக் கிரீஸ் அப்பி மூடிவிடுவது பயன் தராது. குடத்தைக் கழற்றி, பேரிங்குகளையும் உட்புறத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். காற்றுக் குழாயால் பேரிங்கைச் சுழல விடக் கூடாது. உருளை சிதறிக் கண்ணில் படும். உருளையில் குழியோ, சூட்டால் நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால் உள்வளையம், வெளிவளையம் இரண்டையும் சேர்த்தே மாற்றவும். சிக்கனம் கருதி ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் தின்றுவிடும். வெளிவளையத்தைப் பித்தளைத் துண்டு வைத்து, சுற்றிலும் மாற்றி மாற்றித் தட்டி இறக்க வேண்டும். இரும்புச் சுத்தி நேரே படலாகாது.

சீலை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடவும். செலவில் சிறியது அதுதான். கெடுதலுக்குக் காரணமும் அதுதான்.

லித்தியம் வகைக் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி, உருளைகளின் இடையே மறுபக்கம் வெளிவரும்வரை ஏற்றவும். பழைய கிரீஸோடு வேறு வகையைக் கலக்க வேண்டாம். குடத்தின் வெற்றிடத்தில் பாதிக்கு மேல் நிரப்பினால் சூட்டில் கிரீஸ் பெருகிச் சீலைத் தள்ளிவிடும்.

நட்டை இறுக்குவதில்தான் பலர் தவறுகின்றனர். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே, சற்றுப் பிடிக்கும்வரை இறுக்கவும். பிறகு காட்டர் பின் துளை நேராகும் அடுத்த பள்ளம்வரை தளர்த்தவும். சக்கரம் தாராளமாகச் சுழல வேண்டும்; ஆட்டமும் இருக்கக் கூடாது. பின் புதியதாகவே இருக்கட்டும். கம்பித் துண்டும் ஆணியும் கடையாணி ஆகா. ஒரு மணி நேரம் ஓட்டியபின் குடத்தைத் தொட்டுப் பார்க்கவும். கை வைக்க முடியாத சூடு இருந்தால் நட்டு அதிகம் இறுகியுள்ளது. டிரெய்லரின் குடங்களும் பெரும்பாலும் இதே அமைப்புதான். வாழைத்தார் பாரம் ஏற்றுமுன் அவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

குடத்திற்குள் வெளிவளையம் விரலால் சுழலும் அளவு தளர்ந்திருந்தால் புள்ளி குத்தி இறுக்கும் வழக்கம் உண்டு. அது ஒரு போகம் தாங்குவதே அரிது. 1928 முதல் பொன்மலைப் பணிமனை இயங்கிவரும் ஊர் இது; கடைசல் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கடைந்து வளையம் போட்டுக்கொள்ளலாம். அச்சு முனையே பள்ளமாகியிருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பாமல் புதியதே போடவும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளின் முன்னச்சிலும், எந்த வண்டியின் பின்னச்சிலும் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

ரோட்டவேட்டர் தண்டு

பி.டி.ஓ.விலிருந்து ரோட்டவேட்டருக்குச் செல்லும் தண்டில் இரு முனையிலும் கிராஸ் உண்டு. அவற்றுக்கு வேலை தொடங்குமுன் நாள்தோறும் கிரீஸ் அடிக்க வேண்டும். தண்டைக் கையால் முறுக்கும்போது ‘டக்’கென ஆட்டம் கொடுத்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது. வைஸும் இரண்டு சாக்கெட்டும் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். லாக் வளையங்களைக் கழற்றி, சிறிய சாக்கெட்டால் ஒரு மூடியை அழுத்தினால் எதிர்மூடி பெரிய சாக்கெட்டுக்குள் இறங்கும். புதிய மூடியைப் பூட்டும்போது லாக் வளையம் உட்காரவில்லையெனில் உள்ளே ஊசி உருளை ஒன்று சாய்ந்திருக்கும். அடித்து ஏற்றாமல் கழற்றி, கிரீஸில் ஊசிகளை ஒட்டவைத்து மீண்டும் பூட்டவும்.

நீளும் குழாயை இணைக்கும்போது, அதன் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மாறினால் தண்டு அதிர்ந்து புதுக் கிராஸையும் கெடுத்துவிடும். பாதுகாப்புக்கான ஷியர் போல்ட் அறுந்தால் அதே தரத்தில் வேறு போடவும். கெட்டியான போல்ட் போட்டால் அடுத்து உடைவது கியர்ப் பெட்டி.

என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பின்பே தண்டின் அருகே செல்ல வேண்டும். இது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழல்வது. துண்டோ சேலைத் தலைப்போ மாட்டினால், நாலு முழ வேட்டியின் நீளம் சுற்றப்பட ஒரு நொடிகூட ஆகாது. இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது. தண்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையை இடைஞ்சல் என்று கழற்றி எறிவோர் அநேகர். உறையும், அது உடன் சுழலாமல் பிடிக்கும் சங்கிலியும் அவசியம் இருக்க வேண்டும். பழைய ரோட்டவேட்டரை உறையில்லாமல் வாங்கியிருந்தால், கிராஸ் வாங்கும் கடையிலேயே தண்டின் அளவைச் சொல்லி உறையையும் கேட்டு வாங்கிப் பொருத்தவும்.