வேலை தேடுவோரும் வலை விரிப்போரும்

உழைப்பு மனிதனுக்கு உணவை மட்டுமன்று, மாண்பையும் தருகிறது. எனவேதான் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், உழைப்பைப் பற்றி 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடலில், வேலையின்மையைத் தீமை என்றே குறிப்பிட்டார். இத்தீமையை ஜவ்வாது மலை இளைஞர் நன்கறிவர். சாமை விளையும் சிறு நிலம் குடும்பம் முழுவதையும் ஆண்டெல்லாம் தாங்குவதில்லை. படித்த பிள்ளைகளோ, சான்றிதழைக் கையிலேந்தி, எக்கதவைத் தட்டுவது எனத் திகைக்கின்றனர்.

வேலை பற்றிய செய்தி யார் வழியாக வருகிறது? அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் இதனை ஆராய்ந்து, 1973-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நெருங்கிய நண்பரைவிட, எப்போதோ சந்திக்கும் அறிமுகமானவர் வழியாகவே பலர் வேலை பெற்றனர் எனக் கண்டார். காரணம் எளியது. அண்டை வீட்டார் அறிந்ததை நாமும் அறிவோம். தொலைவில் வாழ்பவரே நாம் அறியாததை அறிவார்.

மலைவாழ் மக்களிடம் நெருங்கிய உறவுக்குக் குறைவில்லை; தொலைதூர அறிமுகமே அரிது. அந்த வெற்றிடத்தில்தான் இடைத்தரகன் நுழைகிறான். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்டு, தமிழர் 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜவ்வாது மலையின் மைந்தரும் அவர்களுள் இருந்தனர். கூலி வேலைக்கென்றே புறப்பட்டனர் எனக் குடும்பத்தார் பலர் கதறினர்.

2003-இல் தொடங்கிய லிங்க்டின், 2004-இல் தோன்றிய முகநூல் போன்ற சமூக வலைத்தளங்கள், தரகனின்றியே தொலைதூர அறிமுகத்தைத் தேடித் தர வல்லவை. உண்மைப் பெயர், கற்ற தொழில், பெற்ற பயிற்சி ஆகியவற்றைத் தெளிவாகப் பதிவு செய்யுங்கள். உடன் படித்தோரையும் ஆசிரியரையும் ஊரைவிட்டுச் சென்றோரையும் தேடி இணையுங்கள். “ஏதாவது வேலை வாங்கித் தாருங்கள்” என இரப்பதைவிட, “மின்பணியாளர் பயிற்சி முடித்துள்ளேன், தங்கள் தொழிற்சாலையில் ஆள் எடுப்பது எப்போது?” எனக் கேட்பதே பயன் தரும்.

ஆயின் விழிப்பும் வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை எனச் சமூக வலைத்தளங்களில் ஆசை காட்டி, இளைஞரை மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடியில் ஈடுபடுத்தும் கும்பல்களைப் பற்றி இந்திய வெளியுறவுத் துறை 2022 செப்டம்பரில் எச்சரித்தது. மீட்கப்பட்டோருள் தமிழ் இளைஞரும் இருந்தனர். பழைய தரகனே புதிய முகமூடி அணிந்து வருகிறான். வேலைக்கு முன்பணம் கேட்பவனையும், மூலச் சான்றிதழைப் பறிப்பவனையும், சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புபவனையும் நம்பாதீர்கள். நிறுவனத்தின் முகவரியை நேரில் அறிந்தவரிடம் விசாரியுங்கள். இணையத்தில் பணம் இழந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இறுதியாக, மலையிலிருந்து இறங்கிச் சென்னையிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் பணிபுரியும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊர்ப்பிள்ளை ஒருவன் அனுப்பும் செய்தி உங்கள் கைப்பேசியில் பதிலின்றிக் கிடக்கலாம். இரண்டு வரி பதில் எழுத உங்களுக்கு ஒரு நிமிடமே ஆகும். அது வராவிடில் அவன் தரகனிடம் செல்வான். ஆண்டவர் கூறிய உவமையில், திராட்சைத் தோட்ட உரிமையாளர் மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குச் சென்றார். அங்கு நின்றோர் சோம்பேறிகள் அல்லர், அழைப்பார் இல்லாதவர்கள். அவர்களை அழைக்கும் குரல் நம்முடையதாக இருக்கட்டும்.