வளர்ந்த கோழிகளுடன் இளங்குஞ்சுகளைச் சேர்க்கும் முறை

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் ஐந்தருவியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கோழி வளர்ப்போரிடமிருந்து நமக்கு ஒரே விதமான முறையீடு வருவதுண்டு. சந்தையில் வாங்கிய குஞ்சுகளோ, கால்நடை பராமரிப்புத் துறையின் திட்டத்தின் கீழ்ப் பெற்ற நான்கு வாரக் குஞ்சுகளோ, சில நாட்களிலேயே பெரும்பகுதி மடிந்துவிட்டன என்பதே அது. குஞ்சுகளின் தரமே காரணம் எனப் பலரும் எண்ணுகின்றனர். நாம் நேரில் சென்று விசாரித்த வீடுகள் பலவற்றில், அவை வந்த அன்றே பழைய கோழிகளுடன் முற்றத்தில் விடப்பட்டிருந்தன.

வீட்டுக் கோழி தானே பொரித்த குஞ்சுகளுக்கு இத்தொல்லை நேர்வதில்லையே என்று கேட்கலாம். அங்கே தாய்க்கோழி சிறகை விரித்து எதிர்த்து நிற்கிறது. வாங்கி வந்த குஞ்சுக்கு அத்தகைய துணை இல்லை. கோழிக்கூட்டத்தில் எது எதைக் கொத்தலாம், எது முதலில் இரையெடுக்கலாம் என்ற வரிசை உண்டென்பதை நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டரூப் எப்பே 1921இல் விளக்கினார். புதிதாக வரும் பறவை அவ்வரிசையைக் குலைப்பதால் எல்லாக் கோழிகளும் அதனைத் துரத்துகின்றன. ஓடித் தப்பும் வலிமையற்ற குஞ்சு தலையிலும் பின்புறத்திலும் கொத்துப்பட்டு மடிகிறது. அல்லது தீவனத்தை நெருங்க அஞ்சிப் பட்டினியால் மெலிகிறது.

ஒன்றிரண்டு நாள் வயதுடைய குஞ்சுகளை இரவில் அடைக்கோழியின் வயிற்றின் கீழ் வைத்துத் தன் குஞ்சென ஏற்கச் செய்வது நம் வீட்டு மூதாட்டியர் அறிந்த முறையே. நான்கு வாரக் குஞ்சுகளிடம் அது பலிக்காது.

கொத்துவதைக் காட்டிலும் பெரிய ஆபத்து நோய். வளர்ந்த கோழி எதிர்ப்புச் சக்தி பெற்று நலமாகத் தோன்றினாலும், அதன் எச்சத்தில் இரத்தக்கழிச்சல் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும். ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள கூளத்தில் அவை தொற்றும் நிலையை அடைகின்றன. சாரற் காலத்தில் நம் பகுதித் தரை பல நாட்கள் காய்வதே இல்லை என்பதை நினைவிற்கொள்க. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயோ எதிர்த் திசையிலும் வரும்: சந்தைக் குஞ்சு கொண்டுவந்து பழைய கோழிகளையும் அழித்துவிடும். தொற்றியபின் இந்நோய் வெளிப்பட 2 முதல் 15 நாட்கள் ஆகலாம். ஆகவே, வாங்கும்போது நலமாக இருந்தது என்பது போதிய சான்றன்று.

எனவே புதுக் குஞ்சுகளைக் குறைந்தது 3 வாரம், கோழிகள் அணுகாத உலர்ந்த இடத்தில் தனியே வைத்தல் வேண்டும். தண்ணீர்க் கலமும் தீவனத் தட்டும் தனியாக இருக்கட்டும். காலையில் முதலில் குஞ்சுகளைக் கவனித்து, பிறகே கோழிகளிடம் செல்க. நெல் உமியோ கடலைத்தோலோ பரப்பி, நனைந்த பகுதியை அன்றன்றே அகற்றுக. நான்கு வாரக் குஞ்சாயின் 8 வாரம் நிறைந்ததும் ராணிக்கெட் தடுப்பூசி போட்டு, மேலும் இரு வாரம் பொறுத்தல் நன்று. பழைய கோழிகளுக்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

அந்த இரு வாரத்தில் நம் பஞ்சாரம் பெரிதும் உதவும். மேடான உலர்ந்த தரையில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தால் கவிழ்த்து, கோழிகளைச் சுற்றிலும் மேயவிடுக. ஒன்றையொன்று காணும், கொத்த இயலாது. ஒரு வாரத்திற்குப் பின் கோழிகள் பஞ்சாரத்தைப் பொருட்படுத்தாது போவதைக் காணலாம். பத்து வாரம் ஆனபின், மாலையில் கோழிகள் அடைந்து இருட்டிய வேளையில், குஞ்சுகள் அனைத்தையும் ஒருசேரக் கூண்டில் விடவேண்டும். ஒன்றை மட்டும் தனியே விடுதல் கூடாது. மறுநாள் காலையில் வளர்ப்பவர் உடனிருத்தல் அவசியம்.

இரண்டு மூன்று நாள் சிறு சண்டை நடப்பது இயல்பே. அதற்காக உடனே பிரித்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரும். இரத்தம் கண்டால் மட்டும் அக்குஞ்சை உடனே அகற்றுக. செந்நிறம் கண்ட கோழிகள் விடாது கொத்தும். தீவனத்தை இரண்டு மூன்று இடங்களில் வைப்பதும், குஞ்சு மட்டுமே நுழையக்கூடிய மூங்கில் தட்டி மறைப்பொன்று அமைப்பதும் நலம். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே அனைத்திற்கும் வளரும் குஞ்சுகளுக்கான தீவனமே இட்டு, கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கலத்தில் வைக்கலாம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரி மாதத்தில் நடைபெறும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாமினை முன்னதாக அறிவிப்பதோடு, விடியற்காலையில், கூண்டுகள் திறக்குமுன் நடத்த ஏற்பாடு செய்க. மேயச் சென்ற கோழியைப் பிடிப்பதற்குள் பாதிப் பேர் வீடு திரும்பிவிடுகின்றனர். 8 வாரத்திற்குட்பட்ட குஞ்சுகளுக்கு அந்த ஊசி உரியதன்று. சொட்டு மருந்தே தர வேண்டும். முகாமிற்குப் பின் குஞ்சு பெறுவோரை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கு அனுப்பி வைக்கவும்.