மார்பகச் சீரமைப்பும் சிலிகோன் பையும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவமே நெடுங்காலம் முதன்மையான சிகிச்சையாக இருந்துவந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறைப்படி, மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களும் சேர்த்தே நீக்கப்பட்டன. இன்று பெரும்பாலோர்க்கு அவ்வளவு நீக்கத் தேவையில்லை. இழந்த மார்பகத்தைச் சீரமைக்கவும் வழியுண்டு. ஆனால், உடலினுள் வைக்கும் அயற்பொருளும் புற்றுநோய்ச் சிகிச்சையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா? இதனைக் காண்போம்.

பை வந்த வரலாறு

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்னும் மருத்துவர்கள், சிலிகோன் கூழ் நிரப்பிய பையை முதன்முதலாக ஒரு பெண்ணின் மார்பில் பொருத்தினர். சிலிக்கன் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் மாறிமாறிக் கோத்த நெடுஞ்சங்கிலியே சிலிகோன். வெப்பத்தாலும் நீராலும் இது எளிதில் மாறுவதில்லை.

மார்பகத்தை நீக்கியபின் பையை மூடப் போதிய தோல் பலருக்கு எஞ்சுவதில்லை. எனவே முதலில் ஒரு வெற்றுப் பையை உள்ளே வைத்து, சில வாரங்கள் சிறிது சிறிதாக உப்புநீரை ஊசிமூலம் ஏற்றுவர். கருவுற்றவளின் வயிற்றுத் தோல் விரிவதுபோல் மார்புத் தோலும் விரியும். பின்னர் அதனை எடுத்துவிட்டு நிலையான பையை வைப்பர்.

உடல் கட்டும் சுவர்

தைத்த முள் உள்ளேயே தங்கிவிட்டால், உடல் அதனைச் சுற்றித் திசுக்களால் வேலி கட்டுகிறது. சிலிகோன் பைக்கும் இதுவே நேர்கிறது. நார்த்திசுவாலான மெல்லிய உறையொன்று பையைச் சூழ்கிறது. இது நோயன்று, இயற்கையே. ஆயின் சிலரிடம் இவ்வுறை தடித்துச் சுருங்கிப் பையை நெரிக்கிறது. அப்போது மார்பு கல்லாக இறுகும், வடிவம் கெடும், வலியும் தோன்றும்.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர்க்கு இத்தொல்லை மிகுதி. கதிர்கள் புற்றணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. அருகிலுள்ள நல்ல திசுவும் அடிபடுகிறது. அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் குறுகுகின்றன, நார்த்திசு பெருகுகிறது, புண் ஆறும் ஆற்றல் குன்றுகிறது. குறை சிலிகோனில் இல்லை. அதனைச் சூழ்ந்த திசுவில்தான் உள்ளது.

தொற்றும் தாமதமும்

புற்றுநோய் மருந்துகள் விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவன. எலும்பு மச்சையும் இதற்குத் தப்புவதில்லை, வெள்ளணுக்கள் குறைகின்றன. அவ்வேளையில் பையின்மேல் பாக்டீரியாக்கள் படிந்தால், அவை பிசின் போன்ற படலத்தைப் போர்த்திக்கொள்கின்றன. மருந்து அதனுள் எளிதில் ஊடுருவாது. முடிவில் பையையே அகற்ற நேரிடலாம். புண் ஆறும்வரை புற்றுநோய் மருந்தையும் ஒத்திப்போட வேண்டியிருக்கலாம். இதுவே பெரிய இடர். வடிவத்தைப் பிறகும் அமைக்கலாம். உயிர்காக்கும் சிகிச்சை நெடுநாள் தள்ளிப்போகக் கூடாது. புகைப்போருக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் இத்தகைய தொல்லைகள் கூடுதல்.

மற்றோர் அரிய நோயும் உண்டு. மார்பகப் பைகளைச் சூழ்ந்த உறையில், வெள்ளணுக்களிலிருந்து ஒருவகை நிணநீர்ப் புற்று தோன்றக்கூடும் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. 2019இல் சொரசொரப்பான மேற்பரப்புடைய பைகளுள் ஒரு வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பை பொருத்திப் பல்லாண்டுகள் கழித்து மார்பு திடீரென வீங்குவதே இதன் முக்கிய அறிகுறி. தொடக்கத்திலேயே கண்டறிந்தால், பையையும் உறையையும் முழுமையாக நீக்குவதே பெரும்பாலும் போதுமானது.

வேறு வழிகள்

தன் உடல் திசுவையே பயன்படுத்துவது மற்றொரு முறை. இத்தாலிய மருத்துவர் டான்சினி 1906இலேயே முதுகுத் தசையைக் கொண்டு மார்பை மூடும் முறையை விளக்கினார். 1982இல் அமெரிக்கரான ஹார்ட்ராம்ப் அடிவயிற்றுத் திசுவைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். இரத்த ஓட்டமுள்ள உயிர்த்திசுவாதலால் இது கதிர்வீச்சை ஓரளவு தாங்கும். ஆனால் அறுவை பெரிது. திசு எடுத்த இடத்திலும் தழும்பு நிற்கும்.

ஆகவே கதிர்வீச்சு தேவைப்படுமா என்பதை முன்னரே ஆராய்வது நன்று. புற்றுநோய் மருத்துவரும் சீரமைப்பு மருத்துவரும் கலந்து பேசி நாளைக் குறிக்க வேண்டும். சிகிச்சைகள் முடிந்தபின் சீரமைப்பதும் முறையே. சீரமைக்காமல் விடுவதும் முறையே. நன்மை தீமைகளை அறிந்து முடிவு செய்யும் உரிமை அப்பெண்ணுக்கே உரியது.