கழன்றது ஸ்க்ரூவா, எலும்பா?

அக்டோபர் 20 உலக எலும்புப்புரை நாள். அதற்கான பக்கம் அச்சுக்குப் போகுமுன் கடிதங்களைப் பிரித்தால், விஸ்வநத்தம், சிவகாசிப் பக்கத்துக் கடிதங்களில் ஒரே கேள்வி: “அம்மாவுக்கு இடுப்பில் போட்ட ஸ்க்ரூ கழன்றுவிட்டது. மட்டமான சாமானைப் போட்டுவிட்டார்களா?”

பெரும்பாலும் ஸ்க்ரூ முழுசாகத்தான் இருக்கும்; விட்டுக்கொடுத்தது எலும்பு. மரைகளுக்கு இடையே சிக்கிய எலும்புதான் ஸ்க்ரூவைப் பிடித்திருக்கிறது. இழுவை மிஞ்சினால், மரையின் வெளிவிளிம்பை ஒட்டி எலும்பு உருளையாக அறுந்து வந்துவிடும். இந்தப் பிடியைத் தீர்மானிப்பவற்றில் ஸ்க்ரூவின் வெளிவிட்டம், உள்ளே இறங்கிய நீளம் இரண்டும் மருத்துவர் கையில். எலும்பின் அடர்த்திதான் வில்லங்கம். கார்ட்டர், ஹேய்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1977இல் கண்டபடி, எலும்பின் வலு ஏறக்குறைய அடர்த்தியின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. அடர்த்தி பாதியானால் வலு கால்வாசிதான். தேக்கில் நிற்கும் ஸ்க்ரூ முருங்கையில் நிற்குமா? நன்றாகப் பிடிக்கட்டுமே என்று இன்னும் அரைச் சுற்று முறுக்கினால், அங்கேயே மரை அழிந்துவிடும்.

இனி, ‘இத்தனை நியூட்டன் தாங்கும்’ என்னும் விளம்பரத்தாள்கள். அந்த எண்ணைத் தரும் சோதனை பெரும்பாலும் எலும்பில் நடப்பதில்லை. பாலியூரித்தேன் நுரைக்கட்டியில் நடக்கிறது. அந்த நுரைக்கான ஏஎஸ்டிஎம் எஃப்1839 தர ஆவணமே, இது மனித எலும்பின் குணங்களை அப்படியே காட்டுவதற்கானதல்ல என்கிறது. ஒரு ஸ்க்ரூவை இன்னொன்றோடு ஒப்பிட அது உதவும். உங்கள் அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தவிர, சோதனை இயந்திரம் நேராக ஒருமுறை இழுக்கிறது. இடுப்பிலோ ஒவ்வொரு அடிக்கும் சாய்வாகப் பாரம் விழுகிறது. ஸ்க்ரூ தொடையெலும்பின் தலையைக் கிழித்துக்கொண்டு மேலேறுகிறது.

எல்லாப் பழியையும் எலும்பின்மேல் போட்டுவிடவும் முடியாது. ஸ்க்ரூ நுனிக்கும் எலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை இரண்டு எக்ஸ்ரேயில் அளந்து கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்று 1995இலேயே பாம்கார்ட்னர் என்பவரின் ஆய்வுக்குழு காட்டிவிட்டது. அந்த அளவைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

இனி, கடிதங்களின் மற்ற கேள்விகள். எலும்பு அடர்த்திச் சோதனையில் டி-ஸ்கோர் −2.4 என்றால் எலும்புப்புரை இல்லைதானே? 1994இல் உலக சுகாதார நிறுவனம் −2.5இல் கோடு போட்டது. அந்தக் கோடு எலும்புக்குத் தெரியாது, அதற்கு மேலே இருப்பவர்களுக்கும் எலும்பு நிறையவே முறிகிறது.

டைட்டானியம் கழலாதாமே? உலோகத்தின் பெயர் பிடிமானம் தராது.

லாக்கிங் பிளேட்? ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே பூட்டிக்கொள்வதால் தனித்தனியாகக் கழல்வது குறைவு. புரை எலும்பில் கூடுதல் விலைக்கு நியாயமுண்டு.

ஸ்க்ரூவைச் சுற்றி எலும்புச் சிமெண்ட்? பிடிக்கும், கசியவும் கூடும்.

கால்சியம் மாத்திரை போதுமா? ஒருமுறை முறிந்தவருக்குப் போதாது, எலும்புப்புரை மருந்தைப் பற்றிக் கேளுங்கள்.

எங்கள் ஊர் வெயிலிலுமா வைட்டமின் டி குறையும்? நாள் முழுக்கக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தால் குறையும்.