ஸ்டிக்கருக்குப் பின்னால் இருக்கும் எண்

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பி, கண்ணில் படும் முதல் கம்ப்யூட்டர் கடையில் ஏறி, “அண்ணே, கேமிங் பிசி வேணும், அறுபதாயிரத்துக்குள்ள முடியுமா?” என்று கேட்டால், “தாராளமா முடிச்சிடலாம் தம்பி” என்ற பதில் உடனே வரும். அடுத்த ஐந்து நிமிடத்தில் கையில் ஒரு கொட்டேஷன் இருக்கும்: ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ், வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடி கேபினெட்.

இந்தத் தாளில் ஒரு வரிகூடப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்த பெட்டியில் விளையாட்டு திக்கித் திணறலாம். ஒவ்வொரு வரியிலும் கண்ணைக் கவரும் ஓர் எண் இருக்கிறது. விளையாட்டு எப்படி ஓடும் என்பதை முடிவு செய்யும் எண்ணோ, பெரும்பாலும் அதன் பக்கத்தில் எழுதாமல் விடப்பட்டிருக்கிறது.

எத்தனையாவது தலைமுறை ஐ7?

பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களைத் துடைத்து, புது கேபினெட்டில் மாட்டி விற்கும் வியாபாரம் எல்லா ஊரிலும் உண்டு. அவற்றில் அடிக்கடி தட்டுப்படுவது ஐ7-2600. இன்டெல் இதை 2011இல் வெளியிட்டது. நான்கு கோர், எட்டு த்ரெட். 2022இல் வந்த ஐ3-12100எஃப் பிராசஸருக்கும் அதே நான்கு கோர், அதே எட்டு த்ரெட்தான். ஆனால் ஒரு கோர் செய்யும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால், புதிய ஐ3 பழைய ஐ7ஐ ஏறக்குறைய இரு மடங்கு முந்திவிடும்.

பெயரில் கோட்டுக்குப் பின்னால் வருவதைத்தான் படிக்க வேண்டும். ஐ5-12400எஃப் என்றால் முதல் இரண்டு இலக்கங்கள் 12ஆம் தலைமுறை என்று சொல்கின்றன. கடைசியில் நிற்கும் ‘எஃப்’, உள்ளே கிராபிக்ஸ் வசதி இல்லை, தனி கார்டு கட்டாயம் என்று சொல்கிறது. ஐ7-2600இல் நான்கே இலக்கம், ஆகவே முதல் இலக்கத்தின்படி அது இரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இன்டெல் பிராசஸர்கள், ஒருசிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வாலரன்ட் விளையாட்டு விண்டோஸ் 11இல் ஓட வேண்டுமானால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கிறது. பழைய போர்டுகள் இங்கேயே நின்றுவிடும்.

செலவைக் கட்டுப்படுத்துகிறவர்கள் வெகு நாட்களாக மாறி மாறிச் சொல்லும் பெயர்கள் இரண்டு. ஒன்று ஐ5-12400எஃப், மற்றொன்று ஏஎம்டியின் ரைசன் 5 5600. இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். இரண்டுமே 2022இல் வந்தவை. முழு ஹெச்டி திரையில் விளையாடுபவருக்கு இதற்கு மேல் பிராசஸரில் கொட்டும் பணம் பெரிதாகத் தெரியாது.

படம் வரைவது யார்?

விளையாட்டுக்குள் எதிரி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எங்கே போனது என்ற கணக்கையெல்லாம் பிராசஸர் போட்டுக் கொடுக்கும். அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. முழு ஹெச்டி திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 படம் வேண்டுமானால், அத்தனை புள்ளிகளையும் 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடித்தாக வேண்டும். 4கே திரையில் புள்ளிகள் அப்படியே நான்கு மடங்கு. குறைந்த பட்ஜெட்காரர்கள் 1080இல் நின்றுகொள்வதற்கு இந்தக் கணக்கே காரணம். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்குச் சற்று மேலோ கார்டுக்கு ஒதுக்குவதும் இதனால்தான்.

கார்டில் பெயர்க் குழப்பம் இன்னும் அதிகம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022இல் வந்த கார்டில் 8 ஜிபி நினைவகம், 2,560 கோர்கள், 128 பிட் அகலப் பாதை. 2024இல் அதே பெயரில் 6 ஜிபி கார்டு வந்தது. கோர்கள் 2,304 ஆகவும், பாதை 96 பிட்டாகவும் குறைந்திருந்தன. நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையே நொடிக்கு 224 ஜிபி ஓடிய இடத்தில் 168 ஜிபிதான் ஓடும். 6 ஜிபி கார்டுக்கு 70 வாட் போதும், தனியாகப் பவர் கேபிள் தேவையில்லை என்பது பழைய பெட்டி வைத்திருப்பவருக்கு வரம்தான். இரண்டுக்கும் விலை நெருங்கியிருக்கும்போது பெயரை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு அது இழப்பு.

கொட்டேஷனில் ‘4 ஜிபி கார்டு’ என்று மட்டும் எழுதியிருந்தால் கேள்வி இன்னும் கூடுகிறது. 4 ஜிபி கார்டான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போர்டோடு பேசுவது நான்கே தடங்கள் வழியாக. பிசிஐஇ நான்காம் தலைமுறைப் போர்டில் அது சமாளித்துவிடும். மூன்றாம் தலைமுறைப் போர்டில், உதாரணமாக மலிவான ஏ520இல் மாட்டினால், அந்தத் தடங்களின் வேகம் பாதியாகிவிடும். 4 ஜிபி நிரம்பி வழியும் விளையாட்டுகளில் இந்தத் தடுமாற்றம் திரையிலேயே தெரியும். வீடியோவைப் பதிவு செய்யும் என்கோடர் வசதியும் அந்தக் கார்டில் கிடையாது. விளையாடிக்கொண்டே யூடியூபில் நேரலை போட நினைப்பவர் இதைக் கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

8 ஜிபி ஆடம்பரமா என்றால், 2024 டிசம்பரில் வெளியான ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’ விளையாட்டைப் பார்க்கலாம். ஒளியைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதி கார்டிலேயே இருந்தாக வேண்டும் என்றது அது. குறைந்தபட்சத் தேவையாக அது கேட்ட ஏஎம்டி கார்டு, 8 ஜிபி கொண்ட ஆர்எக்ஸ் 6600. வாலரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 மட்டுமே போதும் என்பவருக்கு இவ்வளவு தேவைப்படாது. என்ன விளையாடப் போகிறோம் என்பதை முதலில் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போவது இதற்காகத்தான்.

ஒரு குச்சியா, இரண்டு குச்சியா?

ரேமில் 16 ஜிபி என்பது ஒரே குச்சியாகவும் வரலாம், எட்டு எட்டாக இரண்டாகவும் வரலாம். டிடிஆர்4-3200 குச்சி ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டைச் சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் 51.2 ஜிபி. தனி கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸரின் உள் கிராபிக்ஸை நம்பி இருப்பவருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரிது. அந்த கிராபிக்ஸ் படம் வரைவதும் இதே ரேமை எடுத்துத்தான்.

ரேம் பெட்டியில் 3200 என்று அச்சடித்திருந்தாலும், பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அமைப்பை ‘ஆன்’ செய்யும் வரை பல குச்சிகள் 2133, 2400, 2666 என்று குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வாங்கி ஆண்டுக்கணக்கில் ஆகியும் இதைத் தொடாமல் விட்டவர்கள் உண்டு.

விலையும் இப்போது சோதிக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொள்வதால், 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. நுகர்வோருக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த தன் ‘குரூஷியல்’ வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் ஏஎம்5 போர்டுகளுக்கு இது கூடுதல் சுமை. பழைய டிடிஆர்4 குச்சிகள் வீட்டில் இருப்பவர் ஏஎம்4 போர்டையோ, டிடிஆர்4 ஏற்கும் எச்610 போர்டையோ தேடினால் அந்தச் செலவு மிச்சமாகும்.

எஸ்எஸ்டியில் சாட்டா வகையின் வேகம் நொடிக்கு சுமார் 550 எம்பிதான். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 எம்பி வரை போகும். விளையாட்டு திறக்கும் நேரத்தில் இவ்வளவு வித்தியாசம் தெரியாது என்பதால், இங்கே வேகத்தைவிட இடத்தைக் கவனிக்கலாம். ‘பால்டர்ஸ் கேட் 3’ மட்டும் 150 ஜிபி கேட்கிறது, அதுவும் எஸ்எஸ்டியில்தான். 500 ஜிபி டிரைவ் விண்டோஸில் 465 என்றுதான் காட்டும். அதில் விண்டோஸ் போக, இந்த அளவில் இரண்டு விளையாட்டுக்கே இடம்.

யாரும் கேட்காத வரி

மிச்சம் பிடிக்க வேண்டும் என்றதும் எல்லோர் கையும் போவது பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல்தான். கொட்டேஷனிலும் அதற்கு பிராண்டு பெயர் இருக்காது, ‘450 வாட்’ என்று மட்டும் இருக்கும். அதன் பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால், 16ஐ 12ஆல் பெருக்க வருவது 192 வாட். பிராசஸரும் கார்டும் மின்சாரம் எடுப்பது இந்த ஒரு வழியில்தான். ரைசன் 5 5600 முழு வேகத்தில் 76 வாட் எடுக்கும். ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட். இரண்டும் சேர்ந்தால் 208. விளையாட்டின் நடுவே பெட்டி திடீரென்று அணைந்து மறுபடி எழுவதற்கும், சில சமயம் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோவதற்கும் இந்தக் கழித்தல் கணக்கு ஒன்றே போதும்.

‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை மின்சாரம் வீணாகாமல் இருப்பதற்கான சான்று. பாதுகாப்புக்கான சான்றாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வாட், பிரான்ஸ் முத்திரை, ஐந்தாண்டு வாரண்டி மூன்றும் சேர்ந்திருந்தால் இந்த பட்ஜெட்டுக்குத் தாராளம். வீட்டில் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை பார்த்துக்கொள்வது அதைவிட மலிவு. யுபிஎஸ்ஸிலும் இதே விளையாட்டு உண்டு. 600 விஏ என்று எழுதியிருப்பது பொதுவாக 360 வாட் அளவுதான் தரும்.

கேபினெட்டில் முன்பக்கம் முழுக் கண்ணாடி என்றால் காற்று உள்ளே போக வழி குறைவு. மே மாதச் சென்னையில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, வலை வைத்த முன்பக்கமும் இரண்டு ஃபேனும் எந்த வண்ண விளக்கையும்விட உபயோகமானவை.

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், சோதித்துப் பார்த்து. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் சரிபார்ப்பு முறையை மாற்றிக்கொண்டதும் கிராபிக்ஸ் கார்டு வைத்து அந்த நாணயத்தைத் தோண்டும் தொழில் நின்றது. தோண்டிக் களைத்த கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் கிடைப்பவற்றில் 2,304 கோர்களுக்குப் பதில் 2,048 மட்டுமே கொண்டவையும் உண்டு. மிகப் பழைய கார்டின் மென்பொருளை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற கதையும் நடந்திருக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவசச் செயலி இப்படிப்பட்ட போலிகளைக் காட்டிக்கொடுக்கும். கடையிலேயே அதை ஓட்டச் சொல்லி, பத்து நிமிடம் ஒரு கனமான விளையாட்டையும் ஓடவிட்டுப் பார்க்கலாம். புதுப் பொருளாக இருந்தால் சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்க வேண்டும். வாரண்டிக்கு நிற்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

எல்லாம் சரியாக வாங்கி, வீட்டில் மாட்டி, சுவிட்சைப் போட்ட பிறகும் திரை கறுப்பாகவே இருந்தால் பதறத் தேவையில்லை. மானிட்டர் கேபிள் கார்டில் இல்லாமல், மேலே போர்டின் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகப்பட்டிருக்கலாம். ‘எஃப்’ பிராசஸரில் அந்தத் துளைக்கு வேலையே இல்லை. கேபிளைக் கீழே கார்டுக்கு மாற்றினால் படம் வந்துவிடும். பிறகு விண்டோஸின் டிஸ்பிளே அமைப்புக்குள் போனால், 144 ஹெர்ட்ஸ் என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய மானிட்டர் 60இல் ஓடிக்கொண்டிருப்பது தெரியவரலாம். அதை 144க்கு மாற்ற இரண்டு கிளிக் போதும்.