இணையப் பணியாளர் நுழைவிசைவு

இணையப் பணியாளர் நுழைவிசைவு என்பது ஒரு நாட்டில் தங்கியிருந்தவாறே, அந்நாட்டிற்கு வெளியே உள்ள நிறுவனத்துக்கோ வாடிக்கையாளருக்கோ இணையம் வழியாக வேலை செய்வோருக்கு அந்நாடு வழங்கும் நீண்டகால அனுமதி ஆகும். பேச்சுவழக்கில் இது டிஜிட்டல் நோமட் விசா எனப்படுகிறது. இதனை எண்ணிம நாடோடி நுழைவிசைவு எனத் தமிழாக்குவோரும் உளர். ஆயினும் இதற்கு விண்ணப்பிப்போரிடம் அரசுகள் முதலில் கேட்பவை நிலையான வருமானம், மருத்துவக் காப்பீடு, பல நாடுகளில் தங்குமிடத்துக்கான சான்று ஆகியவையே. எனவே நாடோடி என்னும் சொல் அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

சுற்றுலா நுழைவிசைவு ஒருவரைச் சில காலம் தங்க விடும், பொருளீட்ட விடாது. வேலை நுழைவிசைவு பெரும்பாலும் அந்நாட்டில் உள்ள ஒரு நிறுவனம் வேலை தர முன்வந்தால் மட்டுமே கிடைக்கும். மடிக்கணினியுடன் சென்று, சென்னையில் உள்ள நிறுவனத்துக்கே தொடர்ந்து நிரல் எழுதும் ஒருவர் இவ்விரு வகைகளிலும் அடங்குவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே புதிய வகை தோன்றியது.

இக்கட்டுரை இந்தியக் கடவுச்சீட்டு உடையோரின் நிலையிலிருந்து இதனை விளக்குகிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. ஒரே தெருவில் இந்தியக் கடவுச்சீட்டு உடையோரும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உடையோரும் அருகருகே வாழும் பகுதி அது என்பதால், நுழைவிசைவு என்பது நடைமுறையில் எதனைக் குறிக்கிறது என்பதை அங்கு எளிதில் காணலாம்.

புதுச்சேரியும் இரு கடவுச்சீட்டுகளும்

பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் இந்தியாவுடன் இணைவது பற்றிய வாக்கெடுப்பு 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடைபெற்றது. வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்த 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த பின்னர், 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது.

நிலம் யாருடையது என்பதைப் பிரதிநிதிகள் முடிவு செய்தனர். குடியுரிமையை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. உடன்படிக்கையின்படி, இப்பகுதிகளில் பிறந்து இங்கேயே வசித்துவந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியோர் 6 மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவ்வாறு அறிவித்தோர் சிறுபான்மையினரே. பிரெஞ்சுப் படையிலும் இந்தோசீனா முதலிய குடியேற்றங்களின் நிர்வாகத்திலும் பணியாற்றியோரின் குடும்பங்கள் அவர்களுள் முக்கியமானவை.

அந்த 6 மாதங்களின் விளைவு இன்றும் தொடர்கிறது. ஏம்பலத்திலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ ஒரே பொறியியற் கல்லூரியில் படித்து, ஒரே வகை மென்பொருட் பணியைச் செய்யும் இருவரைக் கொள்வோம். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் என்ற முறையில் லிஸ்பனுக்குப் பயணச்சீட்டு எடுத்துச் செல்லலாம். 3 மாதங்களுக்கு மேல் தங்கினால் அங்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவே. மற்றவர் அதே நகரில் ஓராண்டு தங்க விரும்பினால் வங்கிக் கணக்கு விவரம் முதல் காவல்துறைச் சான்று வரை ஒரு கோப்பையே சேர்க்க வேண்டும். இருவரின் திறமையிலும் வருமானத்திலும் வேறுபாடு இல்லை. வேறுபாடு 1962-63இல் ஒரு பாட்டனார் இட்ட அல்லது இடாத கையெழுத்தில் உள்ளது.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரெஞ்சுக் குடிமக்களாகிய புதுச்சேரி வழியினர் இந்தியாவில் நீண்டகாலம் வசிக்க வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை உதவுகிறது. 1947 ஆகஸ்ட் 15க்குப் பின் இந்தியாவுடன் இணைந்த பகுதிகளைச் சேர்ந்தோரும் அவர்தம் வழியினரும் இதற்குத் தகுதியுடையோர் என விதியிலேயே கூறப்பட்டுள்ளது.

தோற்றம்

2014ஆம் ஆண்டு எஸ்தோனியா தொடங்கிய மின்-வசிப்பாளர் திட்டம் இவ்வகையின் முன்னோடி எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. அத்திட்டம் வெளிநாட்டவர் இணையம் வழியே எஸ்தோனியாவில் நிறுவனம் பதிவு செய்ய உதவும் மின்னணு அடையாள அட்டை மட்டுமே. அதனை வைத்துக்கொண்டு எஸ்தோனியாவில் ஒரு நாள்கூடத் தங்க முடியாது.

உண்மையான தொடக்கம் 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது நிகழ்ந்தது. சுற்றுலாவை நம்பிய நாடுகள் விருந்தினரை இழந்தன. அலுவலகங்களோ வீட்டிலிருந்து வேலை செய்யும் முறைக்கு மாறியிருந்தன. பார்படோசு 2020 சூலையில் 12 மாத அனுமதியை அறிவித்தது. எஸ்தோனியா அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் தனி நுழைவிசைவை வழங்கத் தொடங்கியது. பின்னர் குரோவாசியா, ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா, போர்த்துகல், ஸ்பெயின் முதலியனவும் இணைந்தன.

இந்தியருக்கு எட்டக்கூடியவை

அறிவிக்கப்பட்ட எல்லாத் திட்டங்களும் இந்தியருக்குத் திறந்தவை அல்ல. சப்பான் 2024 மார்ச்சு இறுதியில் தொடங்கிய 6 மாத அனுமதி, சப்பானுடன் வரி உடன்படிக்கை உடையனவும் நுழைவிசைவு விலக்கு பெற்றனவுமான நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. இந்தியா அப்பட்டியலில் இல்லை. ஆண்டுக்கு 1 கோடி யென் ஈட்டினாலும் இந்தியக் கடவுச்சீட்டில் அது கிடைக்காது. செய்தித் தலைப்பைப் படித்துவிட்டுத் திட்டமிடுவோர் முதலில் தகுதி பெறும் நாடுகளின் பட்டியலைப் பார்ப்பது நன்று.

அண்மை நாடுகளுள் மலேசியாவின் டிஈ ரந்தாவ் திட்டம் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 3 முதல் 12 மாதங்கள் வரை வழங்கப்பட்டு, மேலும் 12 மாதங்கள் நீட்டிக்கப்படலாம். தகவல் தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும். தாய்லாந்து 2024 சூலையில் அறிமுகப்படுத்திய டிடிவி 5 ஆண்டுகள் செல்லும். ஆனால் ஒவ்வொரு வருகையிலும் 180 நாட்கள் தங்கலாம் என்பதே அதன் பொருள். இதற்கு மாத வருமானத்தைவிடச் சேமிப்பே முக்கியம்: 5 இலட்சம் பாட் கையிருப்பு காட்டப்பட வேண்டும். தாய்லாந்து நிறுவனங்களுக்கு வேலை செய்ய இது அனுமதிப்பதில்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தின் ஓராண்டு அனுமதிக்கு மாதம் 3,500 டாலர் வருமானம் கேட்கப்படுகிறது. மொரிசியசின் பிரீமியம் நுழைவிசைவு மாதம் 1,500 டாலர் என்ற அளவில் நிற்கிறது, கட்டணமும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் கொண்டுசெல்லப்பட்ட தீவு அது. அதன் பணத்தாள்களில் இன்றும் தமிழ் எழுத்துகள் உள்ளன.

ஐரோப்பாவில் போர்த்துகல் 2022 அக்டோபர் இறுதியில் இவ்வகையைத் தொடங்கியது. அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல 4 மடங்கு வருமானம் தேவை. 2025இல் அது மாதம் 3,480 யூரோ. ஸ்பெயினின் 2022 திசம்பர்ச் சட்டம் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல இரு மடங்கு கேட்கிறது. உடன்வரும் முதல் குடும்ப உறுப்பினருக்கு மேலும் 75 விழுக்காடும், அடுத்தவர் ஒவ்வொருவருக்கும் 25 விழுக்காடும் கூடும். பட்டமோ 3 ஆண்டுப் பணி அனுபவமோ இருத்தல் வேண்டும். தனியராகப் பணிபுரிவோர் ஸ்பெயின் வாடிக்கையாளரிடமிருந்து ஈட்டுவது மொத்தத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது.

புதுச்சேரியில் பலரும் முதலில் வினவும் நாடாகிய பிரான்சு இத்தகைய தனி வகையை உருவாக்கவில்லை. நீண்டகால வருகையாளர் நுழைவிசைவு உள்ளது. ஆனால் அதனைப் பெறுவோர் பிரான்சில் எத்தொழிலும் செய்வதில்லை என உறுதி தர வேண்டும். பிரான்சில் அமர்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு நிரல் எழுதுவது அவ்வுறுதியை மீறுவதாகுமா என்பதில் தெளிவில்லை. தெளிவில்லாத இடத்தில் கையெழுத்திடுவதைவிடத் தனித்தொழில் செய்வோருக்கான நுழைவிசைவுக்கு விண்ணப்பிப்பது கடினமாயினும் பாதுகாப்பானது.

வருமானத்தை மெய்ப்பித்தல்

விண்ணப்பங்கள் இடறும் இடங்களுள் இது முதன்மையானது. மாத ஊதியம் பெறும் பணியாளருக்கு ஊதியச் சீட்டும் நிறுவனத்தின் கடிதமும் போதும். ஆனால் அக்கடிதத்தில் வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் இசைகிறது என்ற வரி வெளிப்படையாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் காரணமாக மடிக்கணினியை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லவே தடை விதிக்கும் நிறுவனங்கள் பல. பணியாளர் வேறொரு நாட்டில் நிலையாக இருந்து வேலை செய்தால் அந்நாட்டில் நிறுவனத்துக்கே வரிப்பொறுப்பு எழக்கூடும் என்ற அச்சமும் உண்டு.

தனியராகப் பணிபுரிவோரின் சிக்கல் வேறு வகையானது. 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த ஊகவருமான முறையில், குறிப்பிட்ட தொழில்களைச் செய்வோர் தம் மொத்த வரவில் 50 விழுக்காட்டை வருமானமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் பேண வேண்டியதில்லை. மென்பொருட் பணியாளர் பலர் இதனைப் பின்பற்றுகின்றனர். ஆண்டுக்கு 24 இலட்சம் ரூபாய் ஈட்டும் ஒருவரின் வருமானவரிப் படிவம் இதனால் 12 இலட்சம் என்றே கூறும். வங்கிக் கணக்கில் 24, வரிப் படிவத்தில் 12 எனக் காணும் தூதரக அலுவலர் ஐயுறுவது இயல்பு. பட்டயக் கணக்காளர் ஒருவரிடமிருந்து மொத்த வரவையும் இம்முறையையும் விளக்கும் சான்றிதழ் பெற்று இணைப்பது வழக்கம். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு வங்கி தரும் வரவுச் சான்றுகளை மாதந்தோறும் சேர்த்து வைத்திருந்தால் இச்சிக்கல் பாதி குறையும். கடைசி வாரத்தில் கேட்டால் கிளை மேலாளரால் எல்லாவற்றையும் தேடித் தர இயலாது.

பெயர் என்னும் சிக்கல்

தமிழர் பெயருக்கு முன் தலைப்பெழுத்து இடுவர். குடும்பப் பெயர் என ஒன்று இருப்பதில்லை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவும், பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்துடனும், வங்கியில் தந்தை பெயர் விரிவாகவும் இருப்பது பொதுவான நிலை. 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டில் சுற்றுலா, வருகை நுழைவிசைவுகளில் வருவோரை ஏற்பதில்லை என அறிவித்தது.

புதுச்சேரியில் இதற்கு மேலும் ஒரு கிளை உண்டு. ராமசாமி என்னும் பெயரைப் பிரெஞ்சு முறையில் இரண்டு எஸ் எழுத்துகளுடனும், ஆங்கில முறையில் ஒரே எஸ் எழுத்துடனும் எழுதும் வழக்கம் ஒரே குடும்பத்தில் காணப்படுகிறது. பிறப்புச் சான்றில் ஒன்றும் கடவுச்சீட்டில் மற்றொன்றும் இருப்பின், இருவரும் ஒருவரே என்னும் உறுதிமொழிப் பத்திரம் நோட்டரி முன் செய்யப்படுகிறது. வாய்ப்பிருப்பின் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போதே பெயரைச் சீராக்குவது மேல்.

ஆவணங்களைச் சான்றுறுதி செய்தல்

இந்தியா 2005ஆம் ஆண்டு ஏக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இணைந்தது. பட்டச் சான்றிதழை முதலில் மாநில அல்லது ஒன்றியப் பகுதி அரசின் உரிய துறையில் சரிபார்த்து, பின் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையைப் பெற்றால், உறுப்பு நாடுகளில் அது செல்லும். போர்த்துகல், ஸ்பெயின், எஸ்தோனியா ஆகியவை உறுப்பினர்கள். ஐக்கிய அரபு அமீரகம் உறுப்பினர் அன்று. அங்கு அதன் தூதரகச் சான்றொப்பமும் தேவைப்படும். காவல்துறைத் தடையின்மைச் சான்று கடவுச்சீட்டு அலுவலகம் வழியே பெறப்படுகிறது. இது சில மாதங்களே செல்லுபடியாகும் எனக் கொள்ளப்படுவதால், மற்ற ஆவணங்கள் சேர்ந்த பின்னர் பெறுவது வழக்கம்.

வரியும் தங்கும் நாட்களும்

நுழைவிசைவு தங்க அனுமதிக்கிறது. வரி எங்கே என்பதை அது தீர்மானிப்பதில்லை. இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இருந்தவர் இந்திய வசிப்பாளர் ஆவார். அவரது உலகளாவிய வருமானம் இங்கு வரிக்கு உட்படலாம். இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. தாய்லாந்து, ஸ்பெயின் முதலியவை சனவரி முதல் எண்ணுகின்றன. ஆகவே நிதியாண்டின் இடையில் புறப்படும் ஒருவரை இரு நாடுகளும் சில மாதங்களுக்குத் தத்தம் வசிப்பாளர் எனக் கருத நேரலாம். இத்தகைய நிலையைத் தீர்க்க இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கைகள் உள்ளன. மலேசியா, தாய்லாந்து, அமீரகம், போர்த்துகல், ஸ்பெயின் ஆகியவற்றுடன் இந்தியா அவற்றைச் செய்துள்ளது.

தாய்லாந்தில் ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாட்கள் தங்கியவர் வரி வசிப்பாளர். 2024 முதல் அவர் நாட்டுக்குள் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானம் வரிக்குரியது. அமீரகத்தில் தனிநபர் வருமானவரி இல்லை. ஆயினும் 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 இலட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டி, வேறெந்த நாட்டிலும் வசிப்பு காரணமாக வரிப்பொறுப்பு இல்லாத இந்தியக் குடிமகன் இந்திய வசிப்பாளராகவே கொள்ளப்படுவார். சென்னை நிறுவனத்தின் ஊதியத்தைத் துபாயிலிருந்து பெறுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

நிலையான குடியேற்றத்துக்கு இவற்றுள் பெரும்பாலானவை வழி அல்ல. எஸ்தோனியா, மலேசியா, தாய்லாந்து ஆகியவற்றின் அனுமதி காலம் முடிந்ததும் முடிந்துவிடும். போர்த்துகலும் ஸ்பெயினும் வசிப்பிட அனுமதியாக மாற்றிக்கொள்ள இடமளிக்கின்றன. அந்த ஆண்டுகள் நிரந்தர வசிப்புரிமைக்கு எண்ணப்படும்.

இந்தியாவுக்கு வருவோர்

எதிர்த் திசையில், இந்தியா இணையப் பணியாளருக்கெனத் தனி நுழைவிசைவு எதையும் உருவாக்கவில்லை. நீண்டகாலம் தங்கும் வெளிநாட்டவருக்குப் புதுச்சேரியை அடுத்து நன்கறியப்பட்ட நிகழ்வு ஆரோவில் ஆகும். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட இந்நகரின் வெளிநாட்டு உறுப்பினர், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆரோவில் அறக்கட்டளையின் பரிந்துரையில் நுழைவு வகை விசா பெறுகின்றனர். 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருவோர் வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இப்பரிந்துரை ஆரோவிலில் ஆற்றும் பணிக்கு உரியது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு மடிக்கணினியில் செய்யும் வேலைக்கு உரியது அன்று.