கரை இறங்கியவர்கள் – 9: ஒரு மார்கழி, இரண்டு கிறிஸ்துமஸ்

1740களில் புதுச்சேரியில் கிறிஸ்துமஸ் முடிந்து பதினோரு நாள் கழித்துத்தான் கடலூரில் கிறிஸ்துமஸ் வரும். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 22 கிலோமீட்டர்தான். ஆனால் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியன் நாட்காட்டிக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். கடலூர் ஆங்கிலேயர்களோ 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. தெற்கே டேனியர்களின் தரங்கம்பாடியிலும் 1700 முதல் புதுக் கணக்குதான். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில், ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டைக்குள் டிசம்பர் 25 விடியும்போது, வடக்கிலும் தெற்கிலும் ஜனவரி 5 ஆகியிருக்கும்.

இந்தக் கணக்குகளுக்கு நடுவே வந்து இறங்கியவர் யோகான் சக்கரியா கீர்நாண்டர். 1711இல் ஸ்வீடனில் பிறந்தவர். உப்சலாவில் படித்து, ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்குப் போய், லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தின் ஆதரவில் 1740இல் மிஷனரியாகக் கடலூருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 28. ஸ்வீடனும் 1753 வரை பழைய கணக்கைத்தான் வைத்திருந்தது. ஆகவே, பிறந்த வீட்டில் பண்டிகை நடக்கும் அதே நாளில்தான் கடலூரிலும் பண்டிகை. ஆனால் அவர் படித்த ஹாலேயிலும், சக ஊழியர்கள் இருந்த தரங்கம்பாடியிலும் அதற்குள் எல்லாம் முடிந்து புத்தாண்டே பிறந்திருக்கும். பண்டிகை நாளில் அவர்கள் நம்மை நினைத்துக்கொள்வார்கள் என்று ஆறுதல் தேடுவதற்குக்கூட நாள் ஒத்துவர வேண்டுமே!

கடிதமாவது வந்ததா? அதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் சோழமண்டலக் கரையில் கப்பல் நிற்க முடியாது. துறைமுகமே இல்லாத திறந்த கரை அது. புயலுக்கு அஞ்சி, அக்டோபர் நடுவிலேயே கப்பல்கள் கரையை விட்டுப் போய்விடும். ஐரோப்பாவுக்குப் புறப்படும் கப்பல்கள் ஜனவரி, பிப்ரவரியில் கிளம்பி அங்கே போய்ச் சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். கிறிஸ்துமஸ் அன்று அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினால், அதற்குப் பதில் கைக்குக் கிடைக்க ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. வீட்டு நினைவு மிக அதிகமாக வாட்டும் மாதத்தில் கடல் வெறிச்சோடிக் கிடக்கும்.

1746ஆம் ஆண்டு டிசம்பர் இன்னும் கடுமை. அந்தச் செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர்களின் கைக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையகம் கடலூருக்கு இடம் மாறியது. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்தவர்களில் ராபர்ட் கிளைவ் என்ற 21 வயது எழுத்தரும் ஒருவர். ஊர் ஏக்கம் தாளாமல் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த இளைஞர் அவர். டிசம்பரில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் படை கடலூரை நோக்கிக் கிளம்பியது. ஆற்காடு நவாபின் படை வந்து அதைத் திருப்பி அனுப்பியது. கோட்டையில் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டுப் பண்டிகை, உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்லும் நாளாகவே இருந்திருக்க வேண்டும்.

கீர்நாண்டர் ஓடிவிடவில்லை. 1740 முதல் 1757 வரை 18 கிறிஸ்துமஸ் அவருக்குக் கடலூரில்தான்.

1750 ஜூலையில் கடலூர்க் கரையில் வந்து இறங்கிய இன்னோர் இளைஞர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ், வயது 23. சென்னையில் பணியாற்றித் திரும்பிய பெஞ்சமின் சூல்சேயிடம் ஹாலேயிலேயே தமிழ் படித்துவிட்டு வந்தவர். கடலூரிலிருந்து தரங்கம்பாடி போய்ச் சேர்ந்து, நான்கு மாதத்துக்குள், நவம்பர் 23ஆம் தேதி அங்கே புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழிலேயே பிரசங்கம் செய்தார். முதல் கிறிஸ்துமஸ் வருவதற்குள் சுற்றியிருந்தவர்களோடு அவர்களுடைய மொழியில் பேசும் நிலைக்கு வந்துவிட்டார். 1798இல் தஞ்சாவூரில் இறக்கும்வரை அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. எண்ணிப் பார்த்தால் 48 கிறிஸ்துமஸ்.

கடலூருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே, கடலூரிலிருந்து 45 கிலோமீட்டரில் சிதம்பரம். அங்கே மார்கழி என்றால் திருவாதிரை. கொடியேற்றம், ஒன்பதாம் நாள் தேர், பத்தாம் நாள் ஆருத்ரா தரிசனம், வீடுதோறும் களி. பழைய கணக்கோ புதிய கணக்கோ, இரண்டு கிறிஸ்துமஸும் மார்கழிக்குள்தான் விழும். சில ஆண்டுகளில் இரு பண்டிகைகளும் ஒரே வாரத்தில் சேர்ந்து வரும். 2023இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தேர், அதற்கு மறுநாள் தரிசனம். தன் பண்டிகையைத் தனியே கொண்டாட வந்த அந்நிய இளைஞன், ஊரே இன்னொரு பண்டிகையில் திளைப்பதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

பார்த்து, கேட்டு, எழுதியும் வைத்தவர், இவர்களுக்கு முன்பே வந்த தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்கு. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கியபோது, மறுநாள் அவருக்கு 24ஆவது பிறந்தநாள். தமிழர்களின் தெய்வங்களையும் வழிபாடுகளையும் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த பெரிய நூலை ஹாலேயில் அச்சிடவில்லை. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. மதம் மாற்ற வந்தவர்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பண்டிகையைப் புரிந்துகொள்ள அவர் பட்ட பாடு, இன்று நமக்குக் கிடைத்திருக்கும் அரிய ஆவணம்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளிநாட்டு இளைஞர்களின் ஏக்கம். மிஷன் வரலாறுகள் இதைப் பக்கம் பக்கமாகச் சொல்லும். ஆனால் வீட்டை விட்டு வந்தவர்கள் அவர்கள் மட்டும்தானா?

ஆறுமுகம் பிள்ளை கடலூரில் பிறந்தவர். இளம் வயதில் தரங்கம்பாடிக்குப் போய், 1718இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். கடலூரிலிருந்து தரங்கம்பாடிக்குச் சில நாள் நடை. ஸ்வீடனோடு ஒப்பிட்டால் அது ஒரு தூரமே இல்லை. ஆனால் கீர்நாண்டருக்கு ஊரில் இருந்த வீடும், சாப்பாட்டுப் பந்தியும், உறவும் அப்படியே அவருக்காகக் காத்திருந்தன. அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற தமிழருக்கு அந்த உறுதி கிடையாது. உறவு முறிந்து, பந்தி விலகி, கல்யாணம், காரியம் எதற்கும் அழைப்பு வராமல் போவது அன்று சாதாரணம். சொந்த ஊருக்கு நடந்து போய்விடலாம். சொந்த வீட்டுக்குள் நுழைய முடியுமா என்பதுதான் கேள்வி. கடல் தாண்டி வந்தவர்களின் தனிமையைவிட இது கொடியது. இதைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

1733 டிசம்பர் 28. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள். தரங்கம்பாடியில் ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியரில் முதல் புராட்டஸ்டன்ட் குரு அவர்தான். 1745இல் இறக்கும்வரை மாயவரம் பக்கத்துக் கிராமங்களில் பணியாற்றினார். தரங்கம்பாடிக் கரைக்குப் போகிறவர்கள் சீகன்பால்குவின் பெயரோடு ஆரோன் பெயரையும் கேட்டுவிட்டு வர வேண்டும்.

பிறகு திசையும் மாறியது. நெல்லைச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 31 வயதில் கிறிஸ்துமஸ் நாளைக் கழித்தது வங்காளத்தின் செராம்பூரில். 1905 டிசம்பர் 25ஆம் தேதி, இந்தியர்களின் பணத்தில், இந்தியர்களின் தலைமையில் இயங்கும் தேசிய மிஷனரி சங்கம் அங்கே தொடங்கியது. அதன் செயலாளர் அசரியா. அடுத்து அவர் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912 டிசம்பர் 29ஆம் தேதி, இன்னொரு கிறிஸ்துமஸ் வாரத்தில், கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். இன்றும் தமிழ்நாட்டு இளைஞர்கள் குஜராத்தின் டாங்ஸிலும், ஜார்க்கண்டின் மால்டோ மக்கள் நடுவிலும் கிறிஸ்துமஸைக் கழிக்கிறார்கள். ஊரில் அம்மா முறுக்கு சுற்றுவதை அவர்களால் செல்போனில் பார்க்க முடிகிறது.

மீண்டும் கீர்நாண்டரிடம் வருவோம். அவருடைய கடலூர் வாழ்க்கை 1758 ஜூனுக்குள் முடிந்தது. லாலியின் பிரெஞ்சுப் படை கடலூரையும் செயின்ட் டேவிட் கோட்டையையும் பிடித்தது. அவர் முதலில் தரங்கம்பாடிக்கும், அங்கிருந்து கப்பலேறிக் கல்கத்தாவுக்கும் போனார். அங்கே அவரை வரவேற்றவர்களையும், அவர் கட்டிய கோயிலையும், கடைசியில் சூழ்ந்த கடனையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)